பெட்டியும் போகவில்லை, நானும் போகவில்லை

விமானம் காலை 11.10-க்கு. பத்மாராவ் நகரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் கிளம்பியது 5.30-க்கு. அப்படியும் விமானத்தைத் தவறவிட்டேன் என்றால் நம் சங்கத்தில் என்னை அறிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடிக்க இரண்டு மணி நேரம் முன்னதாகவே நாம்பள்ளி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்கிற ஆசாமி நான். "ரயிலைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள நாம வந்துட்டோம்" என்பது என் மனைவி நாற்பது வருடமாகச் சொல்லிவரும் பாட்டு.

விமானம் என்றால் இந்தப் பயம் இரண்டு மடங்கு. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர்தான். இங்கே வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர், பெட்டியைப் பார்க்க ஒரு யந்திரம், நம்மைப் பார்க்க ஒரு யந்திரம், மேலும் கீழும் தடவ ஒருவர், கடைசியில் கதவருகே இன்னொருவர். இத்தனை பேரும் சந்தேகப்படும்படி என்னிடம் ஏதோ இருக்கவேண்டும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். பாஸ் செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் பரீட்சை ஹாலை விட்டு வெளியே வராத பையனைப் போல இருப்பேன்.

பேகம்பேட் காலத்தில் இவ்வளவு இல்லை. செகந்திராபாத் தமிழர்களுக்குப் பேகம்பேட் ஏர்போர்ட் என்றால் பக்கத்துத் தெரு மாதிரி. ஆட்டோவில் போகலாம், வழியனுப்ப வந்தவர்கள் கையை ஆட்டிவிட்டு டிபனுக்கு வீடு திரும்பலாம். 2008 மார்ச் 23-ஆம் தேதி ஷம்ஷாபாத்தில் புதிய விமான நிலையம் திறந்தது. அன்றோடு பேகம்பேட்டில் பயணிகள் விமானம் நின்றது. 2009-ல் மெஹதிப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை பதினொன்றரை கிலோமீட்டருக்கு மேல் மேம்பாலம் கட்டிக் கொடுத்தார்கள் என்றாலும், நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஷம்ஷாபாத் ஷம்ஷாபாத்தான். அதனால்தான் 5.30-க்குக் கிளம்பினேன். புஷ்பக் பஸ்ஸும் நேரத்துக்கு வந்தது. ஏழரைக்கெல்லாம் புறப்பாட்டு வாசலில் நின்றேன். அதில் பெருமை வேறு.

அன்றைய பயணம் சாதாரணப் பயணம் இல்லை. சென்னை நங்கநல்லூரில் இருக்கும் என் அக்காவின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தம், அன்று சாயங்காலம் வரவேற்பு. நான் தாய்மாமன். மனைவி பத்து நாள் முன்பே ரயிலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சீர்ப் புடவையும் (போச்சம்பள்ளிப் பட்டு, நானே நெசவு ஊருக்குப் போய் எடுத்தது) மாலைக்கான வெள்ளிச் சரடும் என் பெட்டியில். கூடவே இரண்டு கிலோ கொப்பரை.

கொப்பரை எதற்கு என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தெலங்கானாக்காரர்கள். பெண்ணின் மடியில் அரிசியும் மஞ்சளும் கொப்பரைக் குடுக்கையும் இடுகிற ஒடிபிய்யம் அவர்களுக்கு முக்கியம். "அதையும் மாமன் கையால போட்டுடட்டும், மோண்டா மார்க்கெட்ல நல்ல கொப்பரை கிடைக்கும், வாங்கிட்டு வாங்க" என்று மனைவி போனில் உத்தரவு போட்டாள். வாங்கினேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, புடவைக்கு அடியில் வைத்தேன். பெட்டியை கவுண்ட்டரில் கொடுத்தேன். பட்டை ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். எட்டரைக்குப் பாதுகாப்புச் சோதனையும் முடிந்தது.

பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. விமானத்தில் போனை "ஃப்ளைட் மோடில்" வைக்கவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஏறும்போது பதட்டத்தில் மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் முன்ஜாக்கிரதையாக அப்போதே போட்டுவிட்டேன். போர்டிங் கார்டில் அச்சிட்டிருந்த கேட்டுக்கு எதிரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு அங்கே க்யூ நின்றது. நானும் நின்றேன். என் முறை வந்தபோது அந்தப் பெண் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸார், இது கொச்சி விமானம். உங்கள் கேட் மாறிவிட்டதே!" என்றாள்.

ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்லக்கூடாது. போய்ச் சேர்ந்தபோது 10.50. பெரும்பாலான கம்பெனிகள் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பு கேட்டை மூடிவிடுகின்றன, இதுவும் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது. நின்றுகொண்டேதான் இருக்கிறது! ஏணி எடுக்கவில்லை. "அதோ நிற்கிறதே அம்மா" என்று கெஞ்சினேன். "மூணு தடவை போன் பண்ணினோம் அங்கிள். சுவிட்ச் ஆஃப்னு வந்தது. மெசேஜும் அனுப்பினோம்" என்றாள். போனை எடுத்து ஃப்ளைட் மோடை விலக்கினேன். மழை கொட்டுவது போல் மெசேஜ்கள் வந்தன. கேட் மாறியது பற்றி இரண்டு. மற்ற மூன்றும் வேறு விஷயம்: என் பெட்டியில் தடை செய்த பொருள் இருக்கிறது, உடனே வந்து பார்க்கவும்.

அந்தப் பொருள் கொப்பரை. அதாவது, விமானத்தை நான் பிடித்திருந்தாலும் பெட்டி என்னோடு வந்திருக்காது. வெறுங்கையோடு மாமன் போய் நின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நடந்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பாதுகாப்பு எல்லைக்குள் போன பயணி விமானம் ஏறாவிட்டால் தானாக வெளியே நடந்துவர முடியாது. கம்பெனி ஆள் ஒருவர் கூட வரவேண்டும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஏன் ஏறவில்லை? இரண்டு மணி நேரம் எங்கே இருந்தீர்கள்? யாராவது ஏதாவது கொடுத்தார்களா? பெட்டியை யார் அடுக்கியது? ஒருவர் கேட்டதையே இன்னொருவர் கேட்டார். என் ஹிந்தி நல்ல நாளிலேயே ஊனம். அன்று முழுக்கப் படுத்துவிட்டது. பெட்டியை என் எதிரிலேயே திறந்து, பட்டுப்புடவையை மேஜைமேல் வைத்து, செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார்கள். "கொப்பரையில் என்ன இருக்கப்போகிறது, வெடிக்கவா போகிறது?" என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் அந்த வார்த்தையை விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2024 அக்டோபரில் நம் நாட்டு விமானங்களுக்கு நூற்றுக்கணக்கில் பொய் மிரட்டல்கள் வந்தன, நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றையும் நிஜம் என்றே வைத்துச் சோதித்தார்கள். வேறு வழியில்லை.

என் முழியைப் பார்த்து, ஓரமாக நின்ற ஓர் இளைஞர் மெதுவாக, "ஸார் தமிழா? பயப்படாதீங்க. எல்லாரையும் இப்படித்தான் கேப்போம்" என்றார். ஊர் திருவண்ணாமலைப் பக்கமாம். பயிற்சி எடுத்தது நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில், தக்கோலத்தில். (அந்தப் பயிற்சி மையத்துக்கு 2025-ல் ராஜாதித்த சோழன் பெயரை வைத்திருக்கிறார்கள். தக்கோலப் போரில் யானைமேலிருந்தபடி உயிர் விட்டவன் அவன்.) அவர் கொண்டுவந்து கொடுத்த ஒரு கிளாஸ் தண்ணீரை மறக்கமாட்டேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. நாற்பது வருடம் ஒரே ஆபீசில் கைசுத்தமாக வேலை பார்த்தவனை, விமானத்தைத் தவறவிட்டதற்காகத் திருடனை விசாரிப்பது போல் விசாரிப்பதா? நஷ்டம் எனக்கு, டிக்கெட் போனது எனக்கு, இவர்களுக்கு என்ன வந்தது?

கல்யாணம் முடிந்து திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்க நூலகத்தில் இந்தப் புலம்பலை ஒரு பெரியவரிடம் கொட்டினேன். பேகம்பேட்டில் தரைப்பணியில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பேகம்பேட்ல பெட்டியைத் தொட்டுக் காட்டுவீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

ஞாபகம் இருக்கிறது! உங்களில் பலருக்கும் இருக்கும். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் விமானத்துக்கு நடந்து போகும்போது, ஏணிக்கு முன்னால் தரையில் எல்லாருடைய பெட்டிகளையும் வரிசையாக வைத்திருப்பார்கள். வெயிலில் நின்று நம் பெட்டியை நாம் விரலால் காட்டவேண்டும். காட்டியதை மட்டும் வண்டியில் ஏற்றுவார்கள். கைப்பையில் இருக்கும் டிரான்சிஸ்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றச் சொல்வார்கள். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு நாமும் காட்டினோம், கழற்றினோம். எல்லாரும் ஏறிய பிறகு ஒரு பெட்டி மட்டும் அந்த வெயிலில் அநாதையாக நின்றால்?

"ஏறாத பயணியைக் கண்டு யாரும் பயப்படறதில்லை. ஏறாத பயணியோட பெட்டி இருக்கே, அதுதான் பயம்" என்றார் பெரியவர்.

பிறகு அவர் சொன்னது நம் மீனம்பாக்கத்துக் கதை. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு. கொழும்பு போகும் விமானத்துக்கு ஒரு பயணி பெட்டிகளைக் கொடுத்து போர்டிங் கார்டு வாங்கினார். ஆனால் விமானம் ஏறவில்லை. ஆள் ஏறாததால் பெட்டிகளும் விமானத்தில் போகவில்லை, நிலையத்துக்குள்ளேயே தங்கின. பெட்டியில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று டெலிபோனில் எச்சரிக்கைகள் வந்தன. இரவு பதினோரு மணிக்குச் சற்று முன்பு வெடித்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். கொழும்பில் வெடிக்க வைப்பதற்காக அனுப்பிய பெட்டி என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தமிழ் ஈழ ராணுவம் என்ற சிறு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்மீது வழக்கு நடந்தது.

இதைக் கேட்டபோது எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால், கல்யாண வீட்டில் நான் என் கொப்பரைக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, என் அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. நங்கநல்லூர் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம்தானே. "அந்த ராத்திரி ஜன்னல் கதவெல்லாம் ஆடிச்சு தம்பி. இடி விழுந்ததுன்னு நினைச்சு மாடியில காயப்போட்ட வடகத்தை எடுக்க ஓடினேன்" என்று எப்போதோ நடந்ததைச் சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். எதற்கு இதை இப்போது சொல்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

மீனம்பாக்கம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23-ஆம் தேதி கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் "கனிஷ்கா" விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 329 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வான்கூவரில் ஒருவர் பெட்டியைக் கொடுத்து இந்த விமானத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, தான் ஏறாமலே போய்விட்டார். பெட்டி மட்டும் பயணம் செய்தது. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் அதே மாதிரி வந்த இன்னொரு பெட்டி வெடித்துச் சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். 1988 டிசம்பர் 21-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் 270 பேர் உயிரைக் குடித்ததும் கூட ஆள் இல்லாமல் வந்த பெட்டிதான்.

ஏறாத ஆளின் பெட்டியை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பக்கூடாது என்ற விதி இப்படித்தான் உலகம் முழுக்க இறுகியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதினேழாம் இணைப்பு பாதுகாப்புக்கென்றே உள்ளது. அதில் இந்த விதி இருக்கிறது. நம் நாட்டில் 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்ட பிறகு பாண்டே குழுவை அமைத்தார்கள். அதன் யோசனைப்படி 1978-ல் விமானப் பாதுகாப்புக்கு ஒரு பிரிவு தொடங்கியது. கனிஷ்காவுக்குப் பிறகு, 1987 ஏப்ரல் முதல் அதுவே தனித் துறையானது. கைப்பையில் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று பட்டியல் போடுகிறவர்கள் இவர்கள்தான். சோதனை செய்கிற படை வந்தது இன்னொரு அடிக்குப் பிறகு. 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து டில்லி வந்த விமானத்தைக் கந்தஹாருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள் அல்லவா? அதுவரை விமான நிலையக் காவல் அந்தந்த மாநிலப் போலீஸ் கையில் இருந்தது. 2000 பிப்ரவரி 3-ல் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொன்றாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்கு மாற்றினார்கள்.

பெட்டியை விரலால் காட்டும் வழக்கம் இப்போது இல்லை. பட்டையில் உள்ள கோடுகளைக் கணினி படித்து, ஏறியவர் பட்டியலோடு ஒப்பிடுகிறது. கைப்பைச் சீட்டில் முத்திரை குத்துவதையும் 2017 ஏப்ரல் 1 முதல் ஹைதராபாத் உட்பட ஏழு விமான நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் "டிஜி யாத்ரா" 2023 மார்ச் இறுதியில் ஷம்ஷாபாத்துக்கு வந்தது. வேண்டுமானால் சேரலாம், வேண்டாதவர்கள் பழையபடி அடையாள அட்டையைக் காட்டிப் போகலாம். என்னைப் போன்ற முகங்களுக்குப் பழைய வழியே நல்லது.

சரி, கொப்பரையில் அப்படி என்ன குற்றம்? தேங்காய் காய்ந்தால் எண்ணெய் மிஞ்சும். ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை எண் கொடுத்திருக்கிறது; கொப்பரைக்கு எண் 1363. தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்ற வகுப்பில் வைத்திருக்கிறார்கள். கப்பலில் மூட்டை மூட்டையாகக் கொப்பரை ஏற்றிய நம் கடலோர மக்களுக்கு இது புதிதில்லை. எனக்குத்தான் புதிது. முழுத் தேங்காயையும் சாதாரணமாகக் கைப்பையில் விடமாட்டார்கள். 2024 அக்டோபரில் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் இருமுடியில் தேங்காயைக் கையோடு கொண்டுபோகலாம் என்று அந்தப் பருவத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அதுவும் சோதனைக்கு உட்பட்டு. ஆவக்காய், கோங்குரா ஜாடிகளைக் கைப்பையில் வைத்துவிட்டு வாசலில் நின்று வாதாடும் நம் தாய்மார்களை வாரா வாரம் பார்க்கிறேன் என்று பெரியவர் சிரித்தார். ஊறுகாயைப் பெட்டியில் போடுங்கள், இறுக்கிக் கட்டி. போனுக்கு உயிர் கொடுக்கிற பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: அதைப் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் இருக்கவேண்டும். சரக்கறையில் யாரும் பார்க்காத இடத்தில் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை. பெட்டியைத் திரும்ப அழைக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தனியாகப் பறப்பது பெரும்பாலும் எழுபது வயதுப் பெற்றோர். என் பயம் அவர்களில் பாதிப்பேருக்கு இருக்கிறது என்பது, இந்தக் கதையைச் சங்கத்தில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாமிக்கு, ஆண்கள் தொட்டுச் சோதிப்பார்களோ என்று வருஷக்கணக்கில் பயம். இல்லை, பெண்களைத் திரை போட்ட அறையில் பெண் காவலர்தான் சோதிப்பார். முழங்காலில் உலோகம் வைத்திருப்பவர்களும் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் யந்திரத்துக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவிட்டால் போதும். ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை கையில் இருந்தால் இன்னும் நல்லது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடலாம். அப்படிப் பதிந்தவர்களைக் கூட்டிப்போக ஒருவர் வருவார். கேட் மாறினாலும் கவலை இல்லை. நான் கௌரவம் பார்த்துப் பதியவில்லை, அதுவும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பெயர். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இனிஷியல் முன்னால் போடுகிற நம் பழக்கம் வடக்கே போனால் வம்பு. அப்பா பெயர் எது, பிள்ளை பெயர் எது என்று தெரியாமல் கணினி குழம்பும். பேரன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் ஆதாரை எதிரில் வைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். "பயணிகள் கவனிக்கவும்" என்று நம் பெயரைச் சொல்லி அழைத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. சென்னை 2022-லேயே சத்தமில்லாத விமான நிலையம் என்று அறிவித்துவிட்டது. தொங்குகிற திரையைப் பார்க்கவேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை. போன் மணி அடிக்கட்டும். ஃப்ளைட் மோடு என்பது விமானத்துக்கு உள்ளே!

அன்று சாயங்கால விமானத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. ரயிலில் போனால் முகூர்த்தத்துக்குள் மண்டபம் சேர முடியாது. பழைய டிக்கெட் விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து 6.40 விமானத்தில் இடம் வாங்கினேன். கொப்பரையை அங்கேயே விட்டேன். அக்காவுக்குப் போன் செய்தபோது, "நீ வந்து சேரு, அது போதும்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். பகல் முழுக்க ஒரு கப் காபி தவிர எதுவும் இறங்கவில்லை.

ஆறேகாலுக்கே எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். 6.40 ஆயிற்று, ஏழு ஆயிற்று, விமானம் நகரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கையைப் பிசைந்தார். ஒரு பயணி பெட்டியைக் கொடுத்துவிட்டு ஏறவில்லை, அதைத் தேடி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பணிப்பெண் சொன்னாள். "ஒருத்தன் செய்யற தப்புக்கு நூத்தம்பது பேர் காத்துக் கிடக்கணுமா? எந்தக் கடையில சுத்திட்டிருக்கானோ!" என்றார் பக்கத்திலிருந்தவர், என்னைப் பார்த்து.

காலையில் என்னைத் தேடியபோதும் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரக்கு வண்டியில் ஒரே ஒரு நீலப்பெட்டியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஓட்டிப்போனார்கள். யாருடையதோ.

நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வரவேற்பு முடிந்து மேடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் மட்டும் மாலையைக் கழற்றாமல், போட்டோ எடுக்க மாமா வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். காலையில் முகூர்த்தம் நன்றாக நடந்தது. ஒடிபிய்யத்துக்குக் கொப்பரைக் குடுக்கை? மாம்பலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது என்று அத்தான் முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்.

தவறவிட்ட டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் அரசாங்க வரியும், விமான நிலையத்துக்கான உபயோகிப்பாளர் கட்டணமும், பாதுகாப்புக் கட்டணமும் (2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய் என்று உயர்த்தினார்களே, அதுதான்) பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட்டில் "பணம் திரும்பாது" என்று அச்சிட்டிருந்தாலும் இந்தத் தொகைகளுக்கு அது பொருந்தாது. பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுதிக் கேட்டேன். வந்தது.